மனுவை ஆலையிலிருந்து தொடங்குங்கள்: மதுரை வட்டார உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களின் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கும், அவர்களுக்கு நெல்லும் எள்ளும் குதிரைவாலியும் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைக்காரர்களுக்கும்,

வணக்கம். அங்கக (ஆர்கானிக்) சான்றுக்காக உறுப்பினர்களிடம் சிட்டா, அடங்கல், ஆதார் நகல் என்று கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டுகளில் ஒரு தாள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அறுத்த நெல் எந்த ஆலையில் அரைபடப் போகிறது என்று சொல்லும் தாள். வயலுக்குக் கிடைக்கும் சான்று நெல்லுக்கு மட்டும்தான் பேசும். கடைக்காரர் கேட்பதோ அரிசி. நெல் அரிசியாகிற இடத்துக்குச் சான்று இல்லையென்றால், வருடக்கணக்காக யூரியா தொடாமல் விளைவித்த நெல் ஆலைக்குள் அங்கக நெல்லாகப் போய், வெறும் அரிசியாக வெளியே வரும். அதற்கு மேல் அதன் பையில் 'ஆர்கானிக்' என்று அச்சிட்டால் அது சட்டப்படி குற்றம்.

அதனால்தான் கேட்கிறோம்: மனுவை வயலிலிருந்து தொடங்காதீர்கள். அரிசிப் பையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இந்த மடலையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறோம்.

முதலில் பை யார் கைக்குப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அங்கக உணவு விதிமுறைகள் 2017-இல் வந்தன, 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி 'அங்கக உணவு' என்று சொல்லி விற்க என்.பி.ஓ.பி. சான்றோ (சான்றளிப்பு நிறுவனம் ஆய்வு செய்து தரும் தேசிய அங்ககச் சான்று) பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர் தானே நேரடியாக உண்பவருக்கு விற்றால் மட்டும் விலக்கு உண்டு. அவர் சான்றுள்ள அங்கக உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடக் கூடாது. உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அண்ணா நகர் உழவர் சந்தையிலேயே கீரையும் காயும் விற்று முடிப்பவர்கள் என்றால், அவர்களை என்.பி.ஓ.பி. கோப்புக்குள் இழுத்து அலைக்கழிக்கத் தேவையில்லை.

பி.ஜி.எஸ். என்பது குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொல்லும் முறை. காசு குறைவு, உள்நாட்டு விற்பனைக்குச் செல்லும். ஆனால் பி.ஜி.எஸ். நெல்லை என்.பி.ஓ.பி. சான்றுள்ள ஆலையில் கொடுத்து, வெளியே வரும் அரிசிக்கு என்.பி.ஓ.பி. முத்திரை வாங்க முடியாது. ஒரு தண்டவாளத்தில் ஏறிய சரக்கு நடுவழியில் மற்றத் தண்டவாளத்துக்கு மாறாது. சென்னை, பெங்களூருக் கடைகளுக்குப் பொட்டலமாக அனுப்பவோ ஏற்றுமதிக்கோ திட்டமிருந்தால் தொடக்கத்திலேயே என்.பி.ஓ.பி. எடுங்கள். ஏற்றுமதி என்றால் வாங்கும் நாட்டின் விதியையும் தனியே கேளுங்கள். அமெரிக்கா 2021 ஜனவரியில், என்.பி.ஓ.பி.யை நடத்தும் மத்திய அரசின் ஏற்றுமதி ஆணையமான அபீடாவுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 2022 ஜூலைக்குப் பிறகு அங்கே போகும் சரக்குக்கு அமெரிக்கச் சான்று தனியாக வேண்டும். ஐரோப்பாவும் 2022 ஜனவரி முதல் புதுச் சட்டத்துக்கு மாறிவிட்டது.

இனி ஆலை. இங்கேதான் சற்று நேரம் நிற்க வேண்டும்.

கூலிக்கு அரைக்கும் ஆலைக்குச் சான்றோடு என்ன தொடர்பு என்று ஆலைக்காரர் கேட்பார். இரண்டு வழி உண்டு. ஆலை தன் பெயரில் பதப்படுத்தும் நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். அல்லது உங்கள் நிறுவனம் தன் மனுவில் அந்த ஆலையை வெளியே உள்ள பணிக்கூடமாகக் காட்டி, எழுத்து ஒப்பந்தம் போட்டு, ஆய்வாளர் அதையும் வந்து பார்க்கச் செய்யலாம். இரண்டிலும் ஆலைக்காரர் கதவையும் கணக்குப் புத்தகத்தையும் திறந்து காட்டச் சம்மதிக்க வேண்டும். அரைத்துக் கொடுத்தால் போதும், புத்தகம் காட்ட மாட்டேன் என்பவரோடு எவ்வளவு பழக்கமிருந்தாலும் இந்த வேலைக்குச் சேராதீர்கள்.

ஆலைக் கோப்பில் இருக்க வேண்டியவை: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் அல்லது பதிவு, கட்டட வரைபடம், சரக்கு நுழைவதிலிருந்து தைத்த மூட்டை வெளியேறும் வரை அம்புக்குறி போட்ட ஓட்டப்படம், எந்திரங்களின் பட்டியல், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, எலி, பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு என்ன பயன்படுகிறது என்ற பட்டியல், துப்புரவுப் பதிவேடு, வரவு-இருப்பு-செலவுப் பதிவேடு, பை அச்சின் மாதிரி. அச்சைச் சான்றளிப்பு நிறுவனம் பார்த்து ஒப்புக்கொள்ளும் முன் பத்தாயிரம் பைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். முத்திரையோ அங்கீகார எண்ணோ தவறியிருந்தால் அத்தனையும் பழைய காகிதக் கடைக்குத்தான்.

தாள்கள் எளிது. எந்திரம்தான் சிக்கல். வழக்கமான நெல் ஓடிய அதே வரிசையில் அங்கக நெல்லை ஓட்டத் தடையில்லை. நேரத்தால் பிரித்து, நடுவில் சுத்தம் செய்து ஓட்டலாம். வாரத்தின் முதல் நாள் காலை, எந்திரம் ஆறியிருக்கும்போது அங்கக நெல்லுக்கு ஒதுக்குவது நல்ல ஏற்பாடு. சுத்தம் என்றால் துடைப்பம் போடுவதல்ல. நெல் தங்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: எலிவேட்டரின் அடிக்குழி, வாளிகளின் மூலை, ஹாப்பரின் சரிவு, கல் நீக்கும் எந்திரத்தின் தட்டு, உமி நீக்கும் ஷெல்லருக்கு மேலுள்ள பெட்டி, நிறம் பிரிக்கும் எந்திரத்தின் கழிவுக்குழாய். புழுங்கல் என்றால் ஊறல் தொட்டியின் அடியும் உலர்த்தியின் உட்புறமும். அடிக்குழி மூடியைக் கழற்றிக் காற்று அடித்து எடுத்த பிறகும் கொஞ்சம் இருக்கும். அதனால் முதலில் ஓடும் அங்கக நெல்லில் ஒரு பகுதியைக் கழுவோட்டமாக விட்டு, அதில் வரும் அரிசியை வழக்கமான அரிசியாகவே எழுதி ஒதுக்க வேண்டும்.

எத்தனை கிலோ கழுவோட்டம்? ஆலைக்கு ஆலை மாறும். ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். வெள்ளை அரிசி ஓடி முடிந்து சுத்தம் செய்த பின், மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பு நெல்லை லேசான தீட்டலில் ஓட்டுங்கள். பத்துப் பத்துக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பினால் சிவப்புக்கு நடுவே வெள்ளை அரிசி பளிச்சென்று தெரியும். வெள்ளை நின்ற எடையோடு இன்னும் கொஞ்சம் பாதுகாப்புக்குச் சேர்த்து, அதுவே உங்கள் ஆலையின் கழுவோட்ட அளவு என்று எழுதி, தேதி போட்டு, சோதனைத் தாளையும் கோப்பில் வையுங்கள். இப்படி அளந்து எழுதிய எண்ணை ஆய்வாளர் தள்ளுவது அரிது. 'நன்றாகச் சுத்தம் செய்வோம்' என்று எழுதியதை யாரும் நம்புவதில்லை.

தீட்டும்போது பளபளப்புக்காக எதையாவது சேர்க்கும் வழக்கம் இருந்தால் அந்த ஓட்டத்துக்கு அது நிற்க வேண்டும். புழுங்கல் ஆலைகளில் கொதிகலன் தண்ணீரில் போடும் ரசாயனம் நீராவியோடு நெல்லில் படுகிறதா என்ற கேள்வியும் வரும். அந்த ரசாயனத்தின் பெயரும் விவரத்தாளும் கையில் இருக்கட்டும்.

கிடங்கில் வண்டு வந்தால் நம் ஊரில் கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போகும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அங்ககச் சரக்குக்கு முற்றிலும் ஆகாது. சுவரில் மாலத்தியான் அடிப்பதும் ஆகாது. மாற்று இருக்கிறது, ஆனால் அது அறுப்பிலேயே தொடங்குகிறது: நெல்லை 13-14 சதவீத ஈரத்துக்கும், பயறு வகைகளை 10 சதவீதத்தை ஒட்டியும் காயவைத்துவிட்டால் வண்டின் பாதித் தொல்லை போய்விடும். காற்றுப் புகாத உள்பை, கார்பன் டை ஆக்ஸைடு, வண்டைப் பிடிக்க வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த குத்துப்பொறி, எலிக்கு விஷமில்லாத கூண்டு, இவை போதும். பெரிய அபாயம் சொந்தக் கிடங்கில் இல்லை, வாடகைக் கிடங்கில். ஒரே கூரையின் கீழ் மற்றவர் சரக்குக்குப் புகைமூட்டம் போட்டால் உங்கள் மூட்டைக்கும் சேர்த்துத்தான் போட்டதாக அர்த்தம். மதுரை விற்பனைக் குழுவிடம் நாம் சேர்ந்து ஒன்று கேட்கலாம்: ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஒரு கிடங்கை மட்டும் மாத்திரை போடாத கிடங்கு என்று எழுதிக் கொடுங்கள். புதுக் கட்டடமோ நிதியோ வேண்டாம், ஒரு பூட்டும் ஒரு பதிவேடும் போதும்.

எண்ணெய்ச் செக்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி போடுகிறீர்கள். எள்ளுக்குச் சான்று இருக்கும், கருப்பட்டிக்கு? அதுவும் விளைபொருள்தான். சான்றுள்ள கருப்பட்டி வாங்குவதா, இல்லாததை வாங்கினால் எந்த அளவுவரை ஒப்புவார்கள் என்பதை மனுவிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆய்வு நாளில் செக்கின் பக்கத்தில் கருப்பட்டி மூட்டையைப் பார்த்து ஆய்வாளர் கேட்கிற நிலை வேண்டாம்.

பல பொருள் சேரும் பொடிகளுக்கு விகிதக் கணக்கு உண்டு. 95 சதவீதமோ அதற்கு மேலோ அங்ககப் பொருளானால் 'அங்ககம்' என்று போடலாம். 70-க்கு மேல் 95-க்குள் என்றால் 'அங்ககப் பொருள்களைக் கொண்டு செய்தது' என்று மட்டும். 70-க்குக் கீழே போனால் சேர்மானப் பட்டியலில் மட்டும் குறிக்கலாம். உப்பும் தண்ணீரும் கணக்கில் சேராது. ஒரு கிலோ இட்லிப் பொடியில் உளுந்து 450 கிராம், கடலைப் பருப்பு 250, எள் 100, மிளகாய் 120, பெருங்காயம் 10, உப்பு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கழித்தால் 930. பெருங்காயம் மட்டும் சாதாரணமானது என்றால் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், கவலையில்லை. மிளகாயும் சாதாரணமானது என்றால் அங்ககப் பங்கு 800-ஐ 930-ஆல் வகுத்தது, அதாவது 86 சதவீதம். பெரிய எழுத்தில் 'ஆர்கானிக் இட்லிப் பொடி' போட முடியாது. மிளகாய் பாதி அங்ககம் பாதி சாதாரணம் என்று கலக்கவும் கூடாது. ஒரே பொருள் இரண்டு விதமாகவும் ஒரு பொட்டலத்தில் இருக்க விதி இடம் தராது. முருங்கை இலைப் பொடி செய்பவர்கள், கிருமி நீக்கக் கதிர்வீச்சுக்கு அனுப்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கதிர்வீச்சும் எத்திலீன் ஆக்ஸைடும் அங்ககத்தில் இல்லை.

ஆலையிலிருந்து இன்னும் ஒரு படி பின்னே வந்தால் சாக்கு. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கோப்புகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். யூரியா வந்த சாக்கைக் கழுவி அதில் நெல் பிடிப்பது கிராமத்தில் இயல்பு. அங்கக வீட்டில் அந்தச் சாக்கு மூலையில் மடித்துக் கிடந்தாலே ஆய்வாளர் எழுதுவார்: இங்கே யூரியா எதற்கு வந்தது? புதுச் சாக்கை நிறுவனமே வாங்கி, எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மூட்டைக்கு ஆகும் சில ரூபாயை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

காயப்போடும் இடம் அடுத்தது. தார் ரோட்டில் இரண்டு பேர் நெல் பக்கம் பக்கமாகக் காய்ந்தால் நடுக்கோட்டை யார் காப்பது? களமோ தார்ப்பாயோ வேண்டும். வாடகைக்கு வரும் அறுவடை எந்திரம் பக்கத்து வயலை முடித்து நேரே வரும். தொட்டியிலும் குழாயிலும் அவர்கள் நெல் இருக்கும். ஓட்டுநரிடம் சொல்லித் தொட்டியைத் தட்டிக் காலி செய்து, வயலின் விளிம்பில் முதல் சுற்றை ஓட்டி, அதைத் தனியாகப் பிடித்து வழக்கமான நெல்லாக எழுதுங்கள். விளிம்பு எப்படியும் பக்கத்து வயலின் மருந்துக்கும் தண்ணீருக்கும் தடையாக விடும் இடைவெளிப் பகுதிதான், ஆகவே இழப்பும் இல்லை.

அந்த இடைவெளிப் பகுதிக்கு 'இத்தனை அடி' என்று எல்லா வயலுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. பக்கத்தில் என்ன பயிர், எதனால் தெளிக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் முடிவாகும். பெரியாறு பாசனத்தில், பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோக வயல்களில் பிரச்சினை காற்றைவிடத் தண்ணீர். மேல்மடை வயலின் தண்ணீர் கீழ்மடைக்கு வயல்வழியாகவே இறங்கும்போது யூரியாவும் களைக்கொல்லியும் கூடவே இறங்கும். தனி வாய்க்கால் கிடைக்காத வயலை முதல் ஆண்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மல்லிகைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்திலோ காற்றுதான் பெரிய தொல்லை; மொட்டுப்புழுவுக்கு அங்கே அடிக்கடி மருந்து அடிப்பார்கள், விசைத்தெளிப்பானின் புகை வரப்பைத் தாண்டும். அகத்தி, சவுக்கு என்று உயர்வேலி வளர ஓராண்டாவது ஆகும் என்பதால் மனுவுக்கு முந்தின மழையிலேயே நடுங்கள். நகருக்குக் கீழே வைகைத் தண்ணீரோ சாக்கடை கலக்கும் கண்மாய்த் தண்ணீரோ பாயும் நிலம் என்றால் தண்ணீர்ச் சோதனையை முதலில் முடியுங்கள். மற்றச் செலவெல்லாம் அதற்குப் பிறகு.

விதை, இடுபொருள் பற்றிப் பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. மருந்து பூசிய விதை ஆகாது. டெப்போவில் வாங்கினால் பூசாத விதை என்று கேட்டு வாங்கி, அட்டையையும் ரசீதையும் வையுங்கள். மரபணு மாற்றுப் பயிருக்கு இடமில்லை. கரிசல் பக்கம் ஒரே உழவர் ஒரு துண்டில் பி.டி. பருத்தியும் அடுத்த துண்டில் குதிரைவாலியும் வைத்திருப்பார். அதை மறைக்காமல் எழுதி, மொத்தப் பண்ணையையும் எப்போது மாற்றுவார் என்ற திட்டத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கூண்டுக்கோழிப் பண்ணை எரு வேண்டாம். வீட்டில் காய்ச்சும் வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாவற்றுக்கும் தயாரித்த தேதி, அளவு, தெளித்த வயல் எழுத ஒரு நோட்டு போதும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை, 3 லிட்டர் பஞ்சகவ்யம் என்று அளவாக எழுதுங்கள். 'தேவைக்கேற்ப' என்று எழுதாதீர்கள். கடையில் வாங்கும் எதுவானாலும் சான்றளிப்பு நிறுவனம் ஒப்புக்கொண்ட பின் தெளியுங்கள். 'பயோ' என்று சீட்டு ஒட்டிய பாட்டிலுக்குள் ரசாயனம் கலந்திருந்தால் ஆய்வக அறிக்கையில் கம்பெனி பெயர் வராது, உறுப்பினர் பெயர்தான் வரும்.

இப்போது தேதி. நிலம் ரசாயன முறையிலிருந்து அங்கக முறைக்கு மாறும் மாற்றுக் காலம், பதிவான நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு. ஒன்றில் விதைப்பு, மற்றதில் அறுவடை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2026 ஆகஸ்ட் 10-இல் பதிவானால், 2028 ஆகஸ்ட் 10-க்குப் பின் விதைத்த நெல்தான் அங்கக நெல். அதே 2028-இல் ஜூலையில் விதைத்து நவம்பரில் அறுத்தது மாற்றுக்கால நெல்லே. ஒரு மாத அவசரத்தில் ஒரு போகம் போய்விடும். தென்னை, கொய்யா, மல்லிகை என்றால் 2029 ஆகஸ்ட் 10-க்குப் பின் பறித்தது. புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கும் மானாவாரிக்காரர் ஆவணிக்குள் பதிந்துவிட வேண்டும். ஐப்பசியில் பதிந்தால் இரண்டு ஆண்டு முடியும் முன்பே அந்தப் புரட்டாசி வந்துவிடும், மூன்றாவது புரட்டாசி வரை காத்திருக்க நேரும். நீண்ட காலம் தரிசாகக் கிடந்த நிலம் என்று அடங்கலே காட்டினால் காலம் குறைய வாய்ப்புண்டு, அதை முடிவு செய்வது சான்றளிப்பு நிறுவனம்.

மாநில அரசின் சான்றளிப்புப் பிரிவு 2007 முதல் அபீடா அங்கீகாரத்தோடு இயங்குகிறது, தலைமை அலுவலகம் கோயம்புத்தூர். மாவட்டத்தில் விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கலாம். விண்ணப்பம், பண்ணையின் பொது விவரம், வரைபடம், மண்-நீர்ச் சோதனை, ஆண்டுப் பயிர்த் திட்டம், துறையோடு ஒப்பந்தம், நில ஆவணம், பான் நகல், புகைப்படம் என்று பட்டியல் போகும். இதில் தடுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, பட்டா இன்னும் தாத்தா பெயரில், அல்லது பங்காளிகள் எட்டுப் பேர் சேர்ந்த கூட்டுப்பட்டா. குத்தகை, வாரம் என்றால் வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்து வேண்டும். இரண்டாவது, உட்பிரிவு எண். வரைபடத்தில் ஒன்று, அடங்கலில் மற்றொன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை போய் எல்லா உறுப்பினருக்கும் சேர்த்துச் சரிபார்த்தால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

நீங்கள் ஏற்கெனவே பதிவான நிறுவனம் என்பது இங்கே ஒரு வசதி. 2025 ஜனவரியில் வெளியான என்.பி.ஓ.பி. எட்டாம் பதிப்பு, உழவர் குழு சட்டப்படியான அமைப்பாக இருப்பதை மையமாக வைக்கிறது. ஆனால் வேலையின் சாரம் பழையதுதான்: குழுவே தன் உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய ஏழாம் பதிப்பின் கணக்கை வைத்தே வேலையை எடைபோடுங்கள். ஒவ்வோர் உறுப்பினரையும் ஆண்டுக்கு இரண்டு முறை உள்ளாய்வு. நூறு பேர் என்றால் இருநூறு வருகை. வரைபடம், நோட்டு, வரப்பு, சாக்கு எல்லாம் பார்த்தால் ஒரு நாளில் நான்கு வயலுக்கு மேல் முடியாது. ஐம்பது முழு நாள். வெளி ஆய்வாளரோ அந்தப் பதிப்பின்படி உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலக் கணக்கில், நூற்றுக்குப் பத்து வயலைத்தான் எடுப்பார். அபாயம் கூடினால் எண்ணிக்கை சற்றுக் கூடும். அந்தப் பத்தில் ஒன்றில் களைக்கொல்லி தெரிந்தால் 'ஒருவர் தவறு' என்று எழுத மாட்டார், 'உள்ளாய்வு நடக்கவில்லை' என்று எழுதுவார். அடி முழுக் குழுவுக்கும் விழும். ஆகவே நூறோடு தொடங்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். தனி வாய்க்கால் உள்ள, பட்டா தெளிவான, நோட்டு எழுதுகிற முப்பது பேரோடு தொடங்குங்கள். உள்ளாய்வாளரை இயக்குநரின் மருமகனாகப் போடாதீர்கள். சொந்தக்காரரிடம் 'உங்கள் வயல் சேராது' என்று சொல்ல அவரால் முடியாது.

கடைசியாக, ஆலைக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள தாள். ஸ்கோப் சர்டிபிகேட் என்பது யார், எந்த நிலம், என்ன பயிர், எவ்வளவு என்று சொல்வது, ஆயுள் ஓராண்டு. டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் என்பது ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக, அபீடாவின் இணையப் பதிவேடான டிரேஸ்நெட் வழியாக வாங்குவது. சுருக்கமாக டி.சி. பள்ளிக்கூட டி.சி. போலத்தான் இதுவும், பழைய பள்ளி கொடுக்காவிட்டால் புதுப் பள்ளி சேர்க்காது. குழுவிடமிருந்து ஆலை நிறுவனத்துக்கு ஒன்று, அங்கிருந்து வணிகருக்கு ஒன்று. கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் கணக்கில் கழியும்.

டி.சி. நிற்கும் காரணங்கள் வழக்கமானவை. பயிர்த் திட்டத்தில் சோளம் என்று கொடுத்துவிட்டு மழையைப் பார்த்துக் குதிரைவாலி விதைத்திருப்பார்கள். ஸ்கோப்பில் இல்லாத பயிருக்கு டி.சி. வராது, மாற்றத்தை விதைத்த வாரமே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஏக்கருக்கு 1,500 கிலோ என்று மதிப்பிட்டு 2,100 வந்தால் கூடுதலுக்கு விளக்கம் கேட்பார்கள்; பயிர் நிற்கும்போதே ஆய்வாளரை அழைத்தால் இது நேராது. ஸ்கோப் காலாவதியான பிறகு பழைய சரக்குக்கு மனுப் போடுவார்கள். ஆலைக் கணக்கு இடிக்கும்: அரசுக் கொள்முதல் அரவைக்கே பச்சரிசிக்கு 67, புழுங்கலுக்கு 68 சதவீதம்தான் அளவு. 10,000 கிலோ நெல்லுக்குத் தீட்டிய அரிசி 7,400 கிலோ என்று கேட்டால், எங்கிருந்தோ நெல் கலந்தது என்றுதான் பொருள்படும். தீட்டாத அரிசிக்கு விகிதம் கூடும், நாட்டு ரகங்களுக்கு மாறும், எள்ளுக்குச் செக்கைப் பொறுத்து நூறு கிலோவுக்கு 38 முதல் 45 கிலோ எண்ணெய் என்று போகும். அதனால் உங்கள் ஆலையிலேயே, உங்கள் ரகத்திலேயே மூன்று முறை எடைபோட்டு அரிசி, தவிடு, உமி, குருணை, கழுவோட்டம் அத்தனையும் எழுதி, அந்த விகிதத்தை மனுவோடு கொடுங்கள். குதிரைவாலிக்கு இது இன்னும் முக்கியம். எந்திரத்துக்கு எந்திரம் அதில் அரிசி தேறும் அளவு அவ்வளவு மாறுகிறது.

அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு ஆலைக்காரரையும் அழையுங்கள். அவர் கொண்டுவர வேண்டியவை ஆலையின் ஓட்டப்படம், கடந்த ஓராண்டில் கிடங்கில் பயன்படுத்திய மருந்துகளின் ரசீது, மூன்று எடைச் சோதனையின் தாள். இவை மூன்றும் மேசைக்கு வந்த பிறகு உறுப்பினர்களின் சிட்டாக் கட்டைப் பிரிக்கலாம். ஆடிக்குள் கூட்டம் நடந்தால் ஆவணிப் பதிவுக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
அங்ககச் சான்றுக் கோப்புகளும் உள்ளாய்வும் கவனிக்கும் சிலர்,
மதுரை